ஆறடி மீன் தொட்டி: தரை, குழாய், தண்ணீர், அப்புறம் மீன்

இரண்டடித் தொட்டியில் மூன்று வருடம் மீன் வளர்த்தாயிற்று, இனி ஆறடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரத்தில் ஒன்று வைக்க ஆசை. வீடு முதல் மாடியில். தரை தாங்குமா, எந்த ஃபில்டர் போடுவது, என்ன மீன் விடுவது, எத்தனை நாளில் விடுவது என்று கேட்டிருக்கிறீர்கள். மீனை மட்டும் கடைசிக்குத் தள்ளிவிட்டு, மற்றதைக் கேட்ட வரிசையிலேயே சொல்லிக்கொண்டு போகிறேன். நடுவில் நீங்கள் கேட்காத ஒன்றையும் சேர்க்கிறேன்: தண்ணீரை எப்படி மாற்றப்போகிறீர்கள்? எனக்குத் தெரிந்து மூடப்பட்ட பெரிய தொட்டிகளில் மீன் செத்து மூடியதைவிட, வாளி தூக்கி அலுத்துப்போய் மூடியவைதான் அதிகம்.

பெரிய தொட்டி பராமரிக்கச் சுலபம் என்பார்கள். பாதி உண்மை. தண்ணீர் நிறைய இருப்பதால் சூடும் ரசாயனமும் மெதுவாகத்தான் மாறும். சிறிய தொட்டியில் ஒரு மீன் செத்துக் கிடந்தால் மறுநாளே தண்ணீர் கெடும், பெரியதில் உங்களுக்கு இரண்டு நாள் அவகாசம் கிடைக்கும். மீதிப் பாதி எடை. அதில் தவறினால் அவகாசமே கிடையாது.

கணக்குக்கு வசதியாக 180, 60, 60 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். விளிம்புவரை 648 லிட்டர். மேலே விடும் இடைவெளி, அடியில் போடும் மணல், கட்டை எல்லாம் கழித்தால் உண்மையில் 550 லிட்டர் தண்ணீர் நிற்கும். 12 மி.மீ. கண்ணாடியே ஏறக்குறைய 120 கிலோ. ஐந்து செ.மீ. உயரத்துக்கு மணல் பரப்பினால் 80, 90 கிலோ. ஸ்டாண்டு, கற்கள், கீழே சம்ப் (ஸ்டாண்டுக்குள் வைக்கும் ஃபில்டர் தொட்டி) வைத்தால் அதன் தண்ணீர் என்று கூட்டிக்கொண்டே போனால் 850 கிலோவைத் தாண்டிவிடும். இவ்வளவும் ஒரு சதுர மீட்டர் சொச்சம் இடத்தில் உட்காருகிறது. வீட்டுத் தரைகளை வழக்கமாகச் சதுர மீட்டருக்கு 150 முதல் 200 கிலோ பயன்பாட்டுச் சுமைக்குத்தான் வடிவமைப்பார்கள். அதைப் பார்த்துப் பயந்துவிட வேண்டாம். அந்த எண் அறை முழுக்கப் பரவிய சுமைக்கானது. ஆனால் சுமை ஒரே இடத்தில் குவிவதும், இரவு பகலாக வருடக்கணக்கில் நகராமல் நிற்பதும் தரைக்கு வேறு சங்கதி. ஸ்லாபின் நடுப்பகுதியில் வைக்கவே கூடாது. சுமை தாங்கும் சுவரை ஒட்டி, முடிந்தால் கீழே பீம் ஓடும் இடத்துக்கு மேலே வைக்க வேண்டும். மரத் தரையாக இருந்தால் உத்திரங்களுக்குக் குறுக்காக, அதாவது பல உத்திரங்கள் மேல் எடை பரவும்படி வைக்க வேண்டும். உங்கள் வீட்டில் எந்தச் சுவர் சுமை தாங்குகிறது என்பதை வீட்டு வரைபடத்தைப் பார்த்து ஒரு கட்டடப் பொறியாளர்தான் சொல்ல வேண்டும். அந்தச் செலவை மிச்சம் பிடிக்காதீர்கள். தரைத்தளத்தில் இடம் இருந்தால் இந்தக் கவலையே வேண்டாம்.

அடுத்தது கண்ணாடி. தொட்டியின் அகலம் எவ்வளவு என்பது முன் கண்ணாடிக்குத் தெரியாது. அதைத் தள்ளுவது தண்ணீரின் உயரம் மட்டும்தான். 180 செ.மீ. நீளக் கண்ணாடியை 60 செ.மீ. உயரத் தண்ணீர் ஏறக்குறைய 320 கிலோ விசையோடு வெளியே தள்ளுகிறது. உயரத்தை 75 செ.மீ. ஆக்கினால் அது 500 கிலோவாகிவிடும், ஏனென்றால் விசை உயரத்தின் இருமடிப்படி ஏறுகிறது. ஆகவே ‘இன்னும் கொஞ்சம் உயரமாக இருந்தால் பார்க்க நன்றாக இருக்குமே’ என்று தோன்றினால், அந்த ஆசையை அகலத்தில் காட்டுங்கள். மீனுக்கும் அதுதான் நல்லது: நீந்த நீளம் வேண்டும், திரும்ப அகலம் வேண்டும், ஆக்சிஜன் கரைவதற்கு நீர்ப்பரப்பு வேண்டும். உங்களுக்கும் நல்லது: 60 செ.மீ. ஆழத்தில் விழுந்த கல்லை எடுக்கவே தோள்வரை நனைய வேண்டியிருக்கும்.

இந்த அளவுக்கு 12 மி.மீ. கண்ணாடியும், மேல் விளிம்பில் நீளவாக்கில் ஒட்டிய பட்டைகளும், நடுவில் ஒரு குறுக்குப் பட்டையும் கேளுங்கள். ஒட்டும் சிலிகான் மீன் தொட்டிக்கென்றே உள்ளதாக இருக்க வேண்டும்; குளியலறைக்கான சிலிகானில் பூஞ்சைக் கொல்லி கலந்திருக்கும். தொட்டி வந்ததும் ஸ்டாண்டை ரசமட்டம் வைத்து நீளத்திலும் அகலத்திலும் பாருங்கள். தொட்டியின் அடிக்கண்ணாடி நேராகப் பலகைமேல் உட்காரும் வகை என்றால் இடையில் ஒரு ஃபோம் ஷீட் வேண்டும். பலகையில் கிடக்கும் ஒரு மணல் துகள்கூட அடிக்கண்ணாடியை விரிசல் விடச் செய்யும். பிறகு மூன்று தவணையாகத் தண்ணீர் விட்டு, இரண்டு மூன்று நாள் சும்மா விடுங்கள். மூலைகளில் டிஷ்யூ காகிதத்தை ஒற்றிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத கசிவைக் காகிதம் காட்டிக்கொடுத்துவிடும்.

ஃபில்டருக்கு வருகிறேன். இந்த அளவுக்கு இரண்டே வழி: கேனிஸ்டர், அதாவது தொட்டிக்கு வெளியே குழாயில் இணைத்து வைக்கும் மூடிய ஃபில்டர், இல்லாவிட்டால் சம்ப். என் ஓட்டு சம்ப்புக்குத்தான். தொட்டியின் ஒரு மூலையில் தடுப்பு. அதன் விளிம்பைத் தாண்டி வழியும் தண்ணீர் குழாய்வழி ஸ்டாண்டுக்குள் இருக்கும் இன்னொரு தொட்டிக்கு இறங்கும். அங்கே ஸ்பாஞ்ச், செராமிக் வளையங்கள் வழியாக ஓடி, கடைசி அறையில் இருக்கும் பம்ப் அதைத் திரும்ப மேலே ஏற்றும். மேற்பரப்பில் படியும் எண்ணெய் ஆடை வழிந்து போய்விடும். ஹீட்டர் கண்ணில் படாது. ஆவியாகிக் குறையும் தண்ணீர் பம்ப் அறையில் மட்டும்தான் தெரியும், மேல்தொட்டி எப்போதும் ஒரே மட்டத்தில் நிற்கும்.

ஆனால் சம்ப்பில் ஒரு கணக்கு இருக்கிறது, அதைப் போடாமல் நான் பட்டது போதும். 180க்கு 60 பரப்பில் ஒரு செ.மீ. தண்ணீர் என்பது 10.8 லிட்டர். என் முதல் சம்ப் தொட்டியில், தண்ணீர் திரும்பி வரும் குழாயின் வாயை அழகுக்காக ஆறு செ.மீ. ஆழத்தில் வைத்திருந்தேன். மின்சாரம் போனால் தண்ணீர் அதே குழாய்வழி பின்னோக்கி இறங்கும் என்று தெரியும். அதைத் தடுக்க நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே ஒரு சின்னத் துளையும் போட்டிருந்தேன், மட்டம் இறங்கியதும் துளை காற்றை இழுத்து ஓட்டத்தை நிறுத்திவிடும் என்று. எட்டு மாதம் நிறுத்தியது. ஒன்பதாவது மாதம் ஒருநாள் இரவில் மின்சாரம் போயிருக்கிறது. விடியற்காலையில் எழுந்து கால் வைத்தால் தரை ஈரம். டார்ச் அடித்துப் பார்த்தால் அந்தத் துளையில் மிளகு அளவில் ஒரு நத்தை, அச்சில் வார்த்ததுபோல் பொருந்தி உட்கார்ந்திருக்கிறது. ஆறு செ.மீ. என்றால் 65 லிட்டர். சம்ப்பில் காலியாக விட்டிருந்தது 40. மிச்சம் 25 லிட்டர் சோபாவுக்கு அடியில்.

அன்றிலிருந்து துளையை நம்புவதில்லை. குழாயின் வாய் ஒரு செ.மீ.க்கு மேல் மூழ்காது. சம்ப்பில் எப்போதும் 60, 70 லிட்டருக்கு இடம் காலியாக இருக்கும். நீங்கள் மீன் வாங்கப் போகும் முன்பு, மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டு ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்து சம்ப் எதுவரை நிறைகிறது என்று பாருங்கள். எதிர்ப்பக்கச் சோதனையும் உண்டு: இறங்கும் குழாயைத் துணியால் அடைத்துவிட்டு பம்பை ஓட விடுங்கள். பம்ப் அறை வற்றும்வரை ஏறும் தண்ணீரை மேல்தொட்டி வழியாமல் தாங்க வேண்டும். தாங்காவிட்டால் பம்ப் அறையைச் சிறிதாக்குங்கள். இறங்கும் குழாய் எப்போதும் இரண்டாக இருக்கட்டும், இரண்டாவது அவசரத்துக்கு.

பம்ப் வாங்கும்போது மணிக்குத் தொட்டியின் கொள்ளளவைப் போல நாலிலிருந்து ஆறு மடங்கு, அதாவது 2,200 முதல் 3,300 லிட்டர் என்று பாருங்கள். பெட்டியில் போட்டிருக்கும் எண் உயரமே ஏற்றாதபோது வருவது. ஒன்றேகால் மீட்டர் ஏற்றும்போது எவ்வளவு வரும் என்று அதே பெட்டியில் வரைபடம் இருக்கும், அதைப் பாருங்கள். கேனிஸ்டர்தான் வேண்டும் என்றால் பெரிதாக ஒன்று வாங்குவதைவிட நடுத்தரமாக இரண்டு வாங்கி மாற்றி மாற்றிக் கழுவுங்கள். பல மணி நேரம் நின்றுபோன கேனிஸ்டரை அப்படியே ஓட்டிவிடாதீர்கள். உள்ளே ஆக்சிஜன் தீர்ந்து அழுகிய தண்ணீர் மொத்தமாகத் தொட்டிக்குள் பாயும். கொட்டிவிட்டு, தொட்டித் தண்ணீரில் அலசிவிட்டு மாட்டுங்கள். மின்வெட்டுக்கு ஒரு பேட்டரி ஏர் பம்ப் கைவசம் இருப்பது நல்லது. 25 டிகிரித் தண்ணீரில் லிட்டருக்கு அதிகபட்சம் 8.3 மில்லிகிராம் ஆக்சிஜன்தான் கரையும், 30 டிகிரியில் 7.6, வெயில் நாளில் நீரோட்டம் நின்றால் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து மூடுவது இதனால்தான்.

ஹீட்டர் தேவைப்படும் இடமென்றால் 600 வாட் ஒன்றுக்குப் பதில் 300 வாட் இரண்டு. ஒன்று அணையாமல் மாட்டிக்கொண்டாலும் மீன் வேகாது. எல்லா ஒயரும் பிளக்குக்குக் கீழே ஒரு வளைவு தொங்கிவிட்டு மேலே ஏறட்டும், வழியும் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். 30 மில்லிஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் பிரேக்கர் அந்த இணைப்பில் கட்டாயம் இருக்க வேண்டும். விளக்குக்கு டைமர் போட்டு ஆறேழு மணி நேரம் எரிந்தால் போதும். நேர் வெயில் படும் ஜன்னல் பக்கம் வைத்தால் பாசி சுரண்டியே ஞாயிற்றுக்கிழமைகள் போய்விடும்.

இனி எத்தனை நாளில் மீன் விடுவது. மீனின் கழிவிலிருந்து வருவது அம்மோனியா. ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக்கும், இன்னொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட்டாக்கும். முதல் இரண்டும் விஷம். நைட்ரைட் ரத்தத்தில் ஏறி ஆக்சிஜன் சுமக்கும் சக்தியையே கெடுத்துவிடும், செவிள் பழுப்பாகிவிடும். நைட்ரேட்டைத்தான் மீன் ஓரளவு தாங்கும். இரண்டாவது வேலையைச் செய்வது நைட்ரோபாக்டர் என்று பல காலம் எழுதிவந்தார்கள். 1998இல் ஆராய்ச்சியாளர் டிமத்தி ஹோவனெக்கும் அவருடைய குழுவினரும் நன்னீர்த் தொட்டிகளில் தேடியபோது வேலை செய்துகொண்டிருந்தது நைட்ரோஸ்பைரா வகை. 2015இல் அம்மோனியாவிலிருந்து நைட்ரேட் வரை தனியாளாகவே கொண்டுபோகும் நைட்ரோஸ்பைராக்களும் வெளியே தெரியவந்தன. எந்த ஆளானாலும் மெதுவாகத்தான் பெருகும். அதனால் வெறும் தொட்டி தயாராக நாலு முதல் ஆறு வாரம் ஆகும்.

மீனை விட்டுச் சோதிக்காதீர்கள். 550 லிட்டருக்கு மூன்றரை கிராம் அம்மோனியம் குளோரைடு கரைத்தால் லிட்டருக்கு 2 மில்லிகிராம் அம்மோனியா கிடைக்கும். சம்ப்பில் நிற்கும் தண்ணீருக்கு இன்னும் கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள். டெஸ்ட் கிட் வைத்துப் பார்த்துக்கொண்டே வாருங்கள். தீரும்போதெல்லாம் திரும்பப் போடுங்கள். முதலில் அம்மோனியா இறங்கும், நைட்ரைட் ஏறி வாரக்கணக்கில் இறங்க மறுக்கும், பலரும் பொறுமை இழப்பது அங்கேதான். இன்று போட்ட 2 மில்லிகிராம் நாளை இதே நேரத்தில் அம்மோனியாவாகவும் இல்லை, நைட்ரைட்டாகவும் இல்லை என்றால் தொட்டி தயார்.

உங்களுக்கு ஒரு குறுக்குவழி இருக்கிறது, அதுவும் கைக்கெட்டும் தூரத்தில். மூன்று வருடம் ஓடிய அந்த இரண்டடித் தொட்டியின் ஸ்பாஞ்சில் இந்தப் பாக்டீரியா நிறைந்திருக்கிறது. அதில் பாதியை வெட்டி புது சம்ப்பில் போட்டால் ஆறு வாரம் இரண்டு வாரமாகக் குறையலாம். குழாய்த் தண்ணீரில் கழுவாமல், ஈரம் காயாமல் மாற்றுங்கள். ஆனால் அது பழைய தொட்டியின் ஏழெட்டு மீனுக்கு வளர்ந்த படை. அறுபது மீனை ஒரே நாளில் சமாளிக்காது. 24 மணி நேரச் சோதனையை எப்படியும் செய்துவிடுங்கள்.

ஒன்றைக் கவனத்தில் வையுங்கள். கிட் காட்டுவது மொத்த அம்மோனியா. அதில் விஷமாக இருக்கும் பங்கு பிஹெச் அளவை, அதாவது தண்ணீர் அமிலமா காரமா என்று காட்டும் எண்ணைப் பொறுத்தது. 25 டிகிரியில் பிஹெச் 7 என்றால் நூற்றுக்கு ஒன்றுகூட விஷ வடிவில் இராது, பிஹெச் 8 என்றால் ஐந்து பங்கு. கிட்டில் ஒரே நிறம், ஒரு வீட்டில் மீன் விளையாடும், இன்னொரு வீட்டில் சாகும். கடின நீரில் பிஹெச் பெரும்பாலும் ஏறியே இருக்கும், அதனால் அது உள்ளவர்கள் அம்மோனியாவுக்கு இன்னும் பயப்பட வேண்டும்.

இப்போது நீங்கள் கேட்காத கேள்வி. வாரம் 30 சதவீதம் மாற்றினால் 165 லிட்டர். 15 லிட்டர் வாளியில் வெளியே பதினொரு நடை, உள்ளே பதினொரு நடை. முதல் மாதம் உற்சாகமாகச் செய்வீர்கள். மூன்றாவது மாதம் ‘அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம்’ வரும். அதன் விலை என்னவென்று ஒரு கணக்கு: உங்கள் மீன்கள் வாரத்துக்கு லிட்டருக்கு 10 மில்லிகிராம் நைட்ரேட் சேர்க்கின்றன என்று வைப்போம். வாராவாரம் கால்பங்கு மாற்றினால் நைட்ரேட் ஏறி ஏறி 40இல் போய் நிற்கும், அதற்குமேல் ஏறாது. பாதி மாற்றினால் 20இல் நிற்கும். பத்து சதவீதம் மட்டும் மாற்றினால் 100 வரை போகும். தண்ணீர் மாற்றுவது சிரமமாக இருந்தால் இந்த எண் தானாக ஏறும், பாசி ஏறும், நோய் வரும். போதாததற்கு, பாக்டீரியாவின் வேலை தண்ணீரின் காரத்தன்மையையும் தின்றுகொண்டே இருக்கும். மாதக்கணக்கில் மாற்றாத தொட்டியில் பிஹெச் ஒருநாள் சட்டென்று சரியும்.

ஆகையால் தொட்டி எங்கே என்று முடிவு செய்யும் முன் ஹோஸ் எங்கே போகும் என்று முடிவு செய்யுங்கள். குளியலறை வடிகாலோ செடிகளோ தொட்டியைவிடத் தாழ்வாக, ஒரு ஹோஸ் நீளத்துக்குள் இருந்தால் வெளியேற்றுவது சைஃபன் வேலை, கைவேலை இல்லை. நிரப்ப ஒரு டிரம்மும் சின்னப் பம்பும் போதும். டிரம்மில் குளோரினை முறித்துவிட்டு ஏற்றலாம். தண்ணீரை ஒருநாள் திறந்து வைத்தால் குளோரின் போய்விடும் என்பது சரிதான், ஆனால் பல ஊர்களில் இப்போது போடுவது குளோரமின்; அது அப்படிப் போகாது. அதற்கு நீர்ப் பக்குவ மருந்து வேண்டும். ஹோஸை நேரே தொட்டியில் விட்டு நிரப்புகிறவர்கள் சேர்க்கும் தண்ணீருக்கு மட்டுமல்ல, தொட்டி முழுவதற்கும் கணக்கிட்டு மருந்தை முதலிலேயே ஊற்ற வேண்டும்.

மீனைப் பற்றிக் கடைசியில் பேசுவதற்குக் காரணம், ஆறடித் தொட்டி வாங்கியவுடன் எல்லோருக்கும் பெரிய மீன் ஆசை வருவதுதான். கடையில் விரல் நீளம் இருக்கும் ரெட் டெயில் கேட்ஃபிஷ் ஒரு மீட்டரைத் தாண்டும். ‘ஷார்க்’ என்று விற்கும் பங்காசியஸும் அப்படியே. பாசி தின்னும் என்று தலையில் கட்டும் சாதாரண சக்கர் மீன் 40 செ.மீ. போகும், வளர்ந்தபின் பாசியையும் அதிகம் தின்னாது. வெள்ளி அரோவானா 60 செ.மீ. அகலத் தொட்டியில் வளர்ந்த பிறகு நிம்மதியாகத் திரும்பக்கூட முடியாது. இவை எதுவும் ஆறடிக்கு ஆகாது. ஆஸ்கர் ஒரு ஜோடி ஆகும், 30 செ.மீ. வளரும், ஆனால் அப்புறம் செடி, மணல் அலங்காரம் எதுவும் மிஞ்சாது.

உங்கள் தண்ணீர் கடினமாக இருந்து பிஹெச் 8 பக்கம் நின்றால், அதை மாற்றப் போராடாமல் ஆப்பிரிக்காவின் மலாவி ஏரி சிக்லிட்களைப் பாருங்கள். குழி பறிக்கும் ஜாதி. பெரிய கற்களை மணல்மேல் அடுக்காமல் முதலில் அடிக்கண்ணாடிமேல் நிறுத்திவிட்டு மணலைச் சுற்றிப் போடுங்கள், இல்லாவிட்டால் அடியில் தோண்டி ஒருநாள் பாறையை உருட்டும். நீரோட்டமும் ஓட்டமுமாகப் பார்க்கப் பிடிக்கும் என்றால் மேற்குத் தொடர்ச்சி மலை ஆறுகளின் டெனிசன் பார்ப் பத்துப் பன்னிரண்டு. காட்டில் அழிவின் விளிம்பில் இருக்கும் மீன் என்பதால் பண்ணையில் பிறந்ததை மட்டும் வாங்குங்கள்.

மென்மையான அல்லது நடுத்தரமான தண்ணீர் என்றால், என்னைக் கேட்டால், அமேசான் பக்கம் போங்கள். ரம்மிநோஸ் டெட்ரா நாற்பது, கோரிடோரஸ் பன்னிரண்டு, சின்ன வகையான பிரிஸில்நோஸ் சக்கர் இரண்டு, ஏஞ்சல் மீன் ஆறு. நாற்பது சின்ன மீன் ஒரே கூட்டமாக ஆறடியின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போய்த் திரும்புவதை இரண்டடித் தொட்டியில் நீங்கள் பார்த்திருக்கவே முடியாது. நியான் டெட்ராவைத் தவிருங்கள், ஏஞ்சல் வளர்ந்ததும் அதற்கு வாய்க்கு அடக்கமாகிவிடும். கோரிடோரஸ் அடியில் மீசையால் துழாவித் தின்னும், அதற்குக் கூரான சரளை ஆகாது, மெல்லிய மணல்தான்.

உங்கள் பழைய இரண்டடித் தொட்டியைக் கொடுத்துவிடாதீர்கள். வரும் மீன் எல்லாம் அதில் நாலு வாரம் தனியாக இருந்துவிட்டுத்தான் பெரியதற்குப் போக வேண்டும். வெள்ளைப்புள்ளி நோய் ஒரு மீனோடு உள்ளே வந்தால் 550 லிட்டருக்கு மருந்து ஊற்ற வேண்டிவரும். முதலில் கோரிடோரஸ் விடுங்கள். இரண்டு வாரம் கழித்துச் சோதனையில் அம்மோனியா எட்டிப் பார்க்கவில்லை என்றால் டெட்ராக்களை இரண்டு தவணையாக விடுங்கள். ஏஞ்சல் கடைசியில், ஆறும் குட்டிகளாக, ஒரே நாளில். எட்டுப் பத்து மாதத்தில் அவற்றில் இரண்டு மீன்கள் ஜோடி சேர்ந்து ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டு மற்ற நாலையும் விரட்டும். நாலடி தள்ளி இன்னொரு கட்டைக்குப் பின்னால் அவற்றுக்கு ஒதுங்க இடம் இருக்கும்படி இப்போதே ஒரு மரக்கட்டையை அந்தக் கோடியில் வைத்துவிடுங்கள்.